பொறியும் மெய்யும்

தமிழில் 'பொறி' என்னும் சொல் கண், செவி முதலிய புலனுறுப்புகளையும் குறிக்கும், இயந்திரத்தையும் குறிக்கும். 'மெய்' என்பதோ உடம்பு, உண்மை எனும் இரண்டையும் சுட்டும். ஓர் இயந்திரம் உடம்பின் அன்பை ஏந்திச் செல்ல முற்படுமாயின், அதனை மதிப்பிட இவ்விரு சொற்களே நமக்குத் துணையாகும்.

உயிர்களை அறிவின் வழி வகுத்த தொல்காப்பியர், புல்லுக்கும் மரத்துக்கும் உரிய முதல் அறிவாகத் தொடுவுணர்வையே வைத்தார். செவியறிவை ஐந்தாவதாக வைத்தார். அறிவியலோ இவ்வரிசையைத் தலைகீழாக்கியது எனலாம். தொலைபேசி செவியைக் கடல் கடத்திற்று. பின்னர்த் தொலைக்காட்சி கண்ணைக் கடத்திற்று. தீண்டலோ கரையிலேயே நின்றது.

அதனையும் அனுப்ப முயன்ற ஒரு படைப்பு நம் சிங்கப்பூரிலேயே தோன்றியது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் ஒன்றில் ஏட்ரியன் சியோக் குழுவினர் உருவாக்கி, 2008ஆம் ஆண்டு ஆய்வுலகின் முன் வைத்த 'ஹக்கி பஜாமா' அது. பெற்றோர் கையில் ஒரு சிறு பொம்மை. குழந்தையின் உடலில் ஒரு மேற்சட்டை. பொம்மையை அணைத்தால், அதனுள் அமைந்த உணரிகள் அழுத்தத்தை அளந்து இணையத்தின் வழி அனுப்பும். சட்டையிலுள்ள காற்றுப்பைகள் அதற்கேற்ப உப்பிக் குழந்தையை அணைக்கும். சூடேற்றும் பகுதிகள் கதகதப்பூட்டும். இருவருக்கும் இடையிலுள்ள தொலைவை உணர்த்த, சட்டையின் நிறக்கோலமும் மாறும்.

இதனைத் தழுவல் என்று கொள்ளலாமா? தழுவுகின்றவர், தழுவும் அக்கணமே தாமும் தழுவப்படுகின்றார். இங்கோ ஒருவர் உணர்வது பொம்மையை. மற்றவர் உணர்வது காற்றை. கடல் கடந்தது அழுத்தத்தின் அளவேயன்றிக் கையின் நடுக்கமோ வியர்வையின் மணமோ அன்று. ஆகவே இது தழுவலன்று; தூது.

தூது என்பது குறைத்துக் கூறும் சொல்லன்று. நம் தூது நூல்களில் தலைவி பெரும்பாலும் வேண்டுவது தலைவன் மார்பில் கிடந்த மாலையையே. அவன் மெய்யைத் தீண்டிய பொருள் அவளுக்கு ஆறுதலாகின்றது. ஆயினும், தூது சென்ற அன்னமோ கிளியோ தன்னைத் தலைவனாகக் காட்டிக்கொள்வதில்லை. இந்த அளவுகோலால் நோக்கின், இச்சட்டையில் நான் பெரிதும் போற்றுவது காற்றையோ வெப்பத்தையோ அன்று. தொலைவைக் காட்டும் அந்த நிறத்தையே. பிரிவை மறைக்காமல் பிரிவென்றே சொல்லும் நேர்மை அதில் உண்டு. அங்கேதான் பொறி மெய்யாகின்றது.

ஞாயிறு மாலை தேக்காவில் நடந்து பாருங்கள். புல்வெளியில் அமர்ந்து, கைப்பேசித் திரையில் தம் குழந்தையின் கன்னத்தை விரலால் வருடும் தமிழகத் தொழிலாளரைக் காணலாம். வேலை அனுமதிச் சீட்டில் வந்தோர் குடும்பத்தை உடன் அழைத்து வந்து வாழ இயலாது. இத்தகைய சட்டையால் பெரும்பயன் பெறக்கூடியோர் இவர்களே. ஆயினும் ஓர் அச்சம் எழுகின்றது. 'தழுவல்தான் போய்ச் சேர்கின்றதே, பிரிவு நீண்டால் என்ன?' என்று உலகம் எண்ணத் தொடங்கினால், ஆறுதலாக வந்த பொறியே பிரிவுக்குச் சாக்காகிவிடும்.

மாணவர்களே, இனி இத்தகைய கருவிகள் பல வரும். அவற்றின் நுட்பத்தை வியப்பதோடு நில்லாதீர்கள். அவை பிரிந்தோரைச் சேர்க்க உதவுகின்றனவா, அன்றிப் பிரிவைப் பழக்கமாக்குகின்றனவா என்றும் வினவுங்கள். தலைவன் வீடு திரும்பும்போதே தூது நிறைவு பெறுகின்றது.