120 ஆண்டில் திருவொற்றியூரின் பங்கு

1901-இல் லண்டன் கண்காட்சியில் வைத்த முதல் மோட்டார் சைக்கிளிலிருந்து கணக்குப் போட்டு, ராயல் என்ஃபீல்டு 2021-இல் தன் 120-ஆம் ஆண்டைக் கொண்டாடியது. இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி இரண்டிலும் சிறப்புப் பதிப்பு வந்தது. உலகுக்கே மொத்தம் 480 வண்டி, அதில் இந்தியாவுக்கு 120. டிசம்பர் 6 அன்று இணையத்தில் விற்பனை தொடங்கி 120 நொடியில் முடிந்ததாக நிறுவனம் அறிவித்தது. அதே மாதம் இரண்டு ஹிமாலயன் வண்டிகள் தென்துருவத்தை எட்டின. தன் வயதையே சரக்காக்கிய இந்த விளம்பரம் எவ்வளவு தேறும்?

120 நொடி என்ற பெருமையை முதலில் ஒதுக்கிவிடலாம். அப்போது மாதம் ஏறத்தாழ 50,000 வண்டி விற்ற நிறுவனம், நாடு முழுவதற்கும் 120 மட்டும் கொடுத்தால் அது தீரத்தான் செய்யும். சரக்கு குறைவு என்பதற்கு மேல் அந்த வேகம் எதையும் நிரூபிக்கவில்லை. தென்துருவப் பயணம் அப்படியல்ல. ஓட்டியவர்களின் துணிச்சலும் இயந்திரத்தின் உறுதியும் அதில் உண்மையாகவே தெரிந்தன. ஆனால் ஐந்தே வயதான நிறுவனமும் அப்படியொரு பயணம் போகலாம். 120 ஆண்டைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

கனமான சரக்கு இருப்பது சிறப்புப் பதிப்பு வண்டியின் டேங்கில். அதிலுள்ள பித்தளைச் சின்னம், கும்பகோணத்தில் கோயில் விக்கிரகம் செய்யும் சிற்பிக் குடும்பத்தின் வேலை. ஓரக்கோடு கையால் இழுத்தது. அளவுகோல் கிடையாது, வளைந்த உலோகத்தின் மேல் தூரிகை நடுவில் நின்றால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். பல ஆண்டுகளாக புல்லட் டேங்குகளில் இதே கோட்டைப் போட்டுப் பழகிய கைகள் வடசென்னையில், நிறுவனத்தின் திருவொற்றியூர் ஆலையில் இருக்கின்றன. டேங்கின் கறுப்புக் குரோம் பூச்சும் அந்த ஆலையிலேயே உருவானது.

அந்தப் பூச்சுக்கு மூவிணைதிறக் குரோமியத்தைப் பயன்படுத்தினார்கள். வழக்கமான குரோம் முலாம் பூசும் தொட்டியில் இருப்பது அறுவிணைதிறக் குரோமியம்; அது புற்றுநோய் உண்டாக்கும் நச்சு. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. ஒரு பக்கம் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இன்னொரு பக்கம் அனல்மின் சாம்பல் படிந்த எண்ணூர் கழிமுகம் என வாழும் திருவொற்றியூர் மக்களின் நடுவே இந்த நச்சைத் தவிர்த்தது பெரிய காரியம். விளம்பரத்தில் அது ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்ற அளவில் சுருங்கிவிட்டது. ஒரு கட்டுரைக்கே தகுதியான செய்தி, சிறப்பம்சங்களில் ஒன்றாகப் போனது.

விளம்பரம் வரலாற்றைச் சொன்னதிலும் இதே கோணல்தான். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது 1955-இல். 1970 வாக்கில் இங்கிலாந்தில் தொழில் அடங்கியது. புல்லட் இங்கே ஓடிக்கொண்டிருந்தது. 1977-இல் தான் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியானது. 2000 வாக்கில் மாத விற்பனை இரண்டாயிரம் அளவில் தடுமாறி, மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோதும் திருவொற்றியூர் ஆலை வண்டி செய்துகொண்டேயிருந்தது. 120-இல் 66 ஆண்டு, அதாவது பாதிக்கு மேல், இந்த மண்ணின் கணக்கு.

வெளிநாட்டில் விற்க 1901-உம் ஆங்கிலேயப் பெயரும் வேண்டும் என்பார்கள். நியாயம்தான், வாங்குபவர் பழமைக்கும் சேர்த்துத்தான் பணம் தருகிறார். ஆனால் அந்தப் பழமை அறுபடாமல் வந்ததற்கே காரணம் திருவொற்றியூர் தொழிலாளி. அவரைப் பின்னுக்குத் தள்ளினால், 120 என்ற எண்ணுக்கு இருக்கும் ஒரே வலுவான ஆதாரத்தையும் சேர்த்துத் தள்ளியதாகிறது.

என் தீர்ப்பு: பொருள் முதல்தரம், சொன்ன விதம் இரண்டாந்தரம். அடுத்த ஆண்டுநிறைவுக்கு எழுதுகிறவர்கள் 1955-இலிருந்து தொடங்கட்டும். முலாம் தொட்டியருகே நிற்பவரையும் கோடு இழுப்பவரையும் முதல் பக்கத்தில் பேச விடட்டும். லண்டன் கண்காட்சி இரண்டாம் பக்கத்துக்குப் போகலாம்.