பெங்களூரின் புதிய மெய்க்கீர்த்திகள்

நாவலையும் கவிதையையும் வரிவரியாக ஆராயும் நாம், நம் மாணவர் காலை எழுந்ததும் கைத்தொலைபேசியில் முதன்முதலாகப் படிக்கும் எழுத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. பெங்களூர் நகரத்து ஸ்டார்ட்-அப் கம்பனிகளைப் பற்றி நாள்தோறும் வெளிவரும் செய்திகளையே ஈண்டுக் குறிப்பிடுகின்றேன். முதலாளித்துவக் குப்பை என்று ஒரே சொல்லில் அவற்றை ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே உளர். அது கொள்கைப் பிடிப்பன்று, சோம்பல். சில ஆண்டுகளாக அவற்றைத் தொடர்ந்து படித்து வந்ததில் எனக்குப் பட்டது இது: செய்தி என்ற பெயரில் வரினும் இவை பெரும்பாலும் செய்திகள் அல்ல, தமக்கெனத் தனி உருவமும் மரபும் கொண்ட ஓர் இலக்கிய வகையாகும்.

அவ்வுருவத்தை இனங்காண்பது கடினமன்று. எளிய குடும்பம், சிறிய வாடகை அறை, உடன் படித்த நண்பர் இருவர், மறுத்துத் திருப்பியனுப்பிய செல்வர் பலர், இறுதியில் கைகொடுத்த ஒருவர், அதன்பின் கோடிக்கணக்கான டொலர். தமிழ் கற்றவனுக்கு இது புதியதன்று. கரிகாலனிடம் சென்ற பொருநன், ஈரும் பேனும் நிறைந்த தன் கந்தையைக் களைந்து மெல்லிய ஆடை பெற்றதைக் கூறி, எதிர்ப்பட்ட இன்னொரு பொருநனை அவ்வழியே ஆற்றுப்படுத்தவில்லையா? பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் அதே அமைப்பு இங்கும் உண்டு. வேறுபாடு ஒன்றே. கரிகாலன் கொடுத்தது பரிசில். இன்றைய புரவலர் கொடுப்பது பங்குக்கு ஈடான மூலதனம். இந்த வேறுபாட்டை மறைப்பதே இவ்வகை எழுத்தின் தலையாய தொழில் எனலாம்.

பாடியவர் யார்? 2008இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற 'யுவர்ஸ்டோரி' என்ற வெளியீடு இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. "உன் கதை" என்பது அப்பெயரின் பொருள். சிறு கம்பனிகளைப் பிறர் ஏறிட்டும் பாராத காலத்தில் அவற்றின் கதைகளை எழுதியமை அதற்குரிய பெருமையே. அதனைக் குறைத்துக் கூறுதல் தகாது. ஆயின் 2015இல் ரத்தன் டாட்டாவும், கலாரி கப்பிட்டல் போன்ற முதலீட்டு நிறுவனமும் அவ்வெளியீட்டிலேயே மூலதனம் இட்டனர். எவருடைய பணம் கம்பனிகளை வளர்த்ததோ அவருடைய பணமே கம்பனிகளைப் பாடுவோரையும் வளர்த்தது. அங்கு எழுதப்பட்டவை பொய் என்று நான் கூறவில்லை. புரவலன் வீட்டுச் சோற்றில் பாணன் எதனைக் காண்பான், எதனைக் காணாது விடுவான் என்பதே வினா.

காணாது விடப்பட்டவற்றுள் முதன்மையானது கணக்கு. நூறு கோடி டொலருக்கு மேல் மதிப்பிடப்பெற்ற கம்பனியை யூனிகோர்ன், அதாவது ஒற்றைக்கொம்புக் குதிரை, என்று அழைக்கும் வழக்கம் 2013இல் அமெரிக்காவில் தோன்றியது. இம்மதிப்பு எவ்வாறு பிறக்கின்றது? ஒருவர் ஒரு கம்பனியின் நூற்றில் ஒரு பங்கை ஒரு கோடி ரூபாவுக்கு வாங்கினால், முழுக் கம்பனியும் நூறு கோடி பெறும் என்று எழுதிவிடுகின்றனர். மீதி தொண்ணூற்றொன்பது கோடியை எவரும் கொடுத்ததில்லை. எந்தப் பெட்டியிலும் அது கிடையாது. தலைப்பில் மட்டுமே அது உண்டு. ஊர்ச் சந்தையில் ஒரு மாம்பழம் விற்றவுடன் தோட்டம் முழுவதும் விற்றுவிட்டதாகக் கூறுபவனை நாம் நம்புவதில்லை.

பைஜூஸ் கம்பனியின் வரலாற்றை ஆசிரியர்களாகிய நாம் சற்றுப் பொறுமையுடன் படித்தல் வேண்டும்; அதன் சரக்கு கல்வி. கேரளத்தில் ஆசிரியப் பெற்றோருக்குப் பிறந்த பைஜு ரவீந்திரன் 2011இல் பெங்களூரில் அதனை நிறுவினார். நுழைவுத் தேர்வில் அவர் நூற்றுக்கு நூறு நிலை பெற்றார், பெரும் அரங்குகளில் ஆயிரக்கணக்கானோருக்குக் கற்பித்தார் என்பன செய்தியாளர் சலிக்காது திருப்பிக் கூறிய காண்டங்கள். 2020இல் பெருந்தொற்றுப் பள்ளிகளை மூடியது. 2022இல் கம்பனியின் மதிப்பு 2,200 கோடி டொலர் என்று முழங்கினர். 2021ஆம் நிதியாண்டில் 4,500 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட நட்டம் என்பதோ, கணக்கு மிகத் தாமதித்து வெளிவந்த பின்னரே 2022 செப்டெம்பரில் தெரிந்தது. அடுத்த மாதம் சுமார் 2,500 ஊழியரை நீக்குவதாக அறிவித்தனர். அதற்கடுத்த மாதம் உதைபந்தாட்ட வீரர் மெஸ்ஸியைத் தம் கல்வித் தொண்டின் தூதராக்கினர். வசதியற்ற பெற்றோரிடம் பாடங்களை வற்புறுத்தி விற்றனர் என்ற முறைப்பாட்டின் பேரில் இந்தியக் குழந்தை உரிமை ஆணைக்குழு 2022 டிசம்பரில் விளக்கம் கேட்டது. 2023இல் கணக்காய்வாளர் விலகினர். 2024இன் முற்பகுதியில் ஊழியரின் சம்பளம் தடைப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் கம்பனி மீதான கடன் வழக்கைப் பெங்களூர்த் தீர்ப்பாயம் ஏற்றது. வழக்கிட்டவர், சீருடை விளம்பரத்துக்கான 158 கோடி ரூபா பாக்கியைக் கேட்ட கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தினர்.

இத்தனையும் நடந்தபின் அதே செய்தியாளர் எழுதியது என்ன? வீரகாவியம் போய்த் துன்பியல் நாடகம் வந்தது. தலைவனின் ஆணவம், தலைவனின் வீழ்ச்சி, தலைவனின் தனிமை. உருவம் மாறியதேயன்றி நோக்கு மாறவில்லை. அன்றும் இன்றும் மேடையில் ஒருவரே நிற்கின்றார். தொலைபேசியில் மாதக் கணக்குக்குப் பாடம் விற்ற பட்டதாரி இளைஞன், கடன் வாங்கி அதனை வாங்கிய தாய், தொண்டை வறளப் படக்கருவியின் முன் கற்பித்த ஆசிரியை ஆகியோர் 2,500 என்ற எண்ணுக்குள் அடங்கிவிட்டனர். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டில் மெய்க்கீர்த்தி அரசனைப் பாடினும், தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பெயரும், அவர் குடியிருந்த தெருவும், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் என்ற கூலியும் அதே கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டு கடந்து வந்த நம் செய்தியாளருக்கு அத்துணையும் செய்யத் தோன்றவில்லை.

விதிவிலக்கு இல்லாமலில்லை. 2016இல் பெங்களூரில் தொடங்கிய 'த கென்' விளம்பரத்தை நம்பாது வாசகர் சந்தாவை நம்பி நடப்பது; பைஜூஸ் பற்றிப் பிறர் பாடிக்கொண்டிருந்தபோது கேள்வி கேட்டவர்களுள் அதுவும் ஒன்று. பாணன் சோற்றின் உரிமை மாறினால் பாட்டும் மாறும் என்பதற்கு இது சான்று. எனினும் சந்தா செலுத்தி அதனைப் படிக்கக் கூடியவர் பெரும்பாலும் முதலீட்டாளரும் மேலதிகாரிகளுமே. முதலீட்டாளன் ஏமாறக்கூடாது என்ற அக்கறையில் எழுதப்படும் உண்மையும் உண்மைதான். உழைப்பவனின் கண்கொண்டு கண்ட உண்மை அதுவன்று.

அந்தக் கண் எங்கே கிடைக்கும் என்று தேடினால், ஸ்டார்ட்-அப் பக்கங்களுக்கு வெளியேதான் கிடைக்கின்றது. 2024 ஜூலையில் தகவல் தொழில்நுட்பத் துறையில் நாளொன்றுக்கு 14 மணி நேரம் வரை வேலை வாங்க இடந்தரும் திருத்தம் ஒன்று கர்நாடக அரசின் முன் வந்தபோது, அதனை வெளிப்படுத்தி எதிர்த்தது அம்மாநிலத் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம். அச்சங்கத்தின் அறிக்கை இலக்கிய நயம் உடையதன்று. கையால் எழுதிய மனுப் போன்றது. ஆயினும் அவ்வறிக்கையில் உறக்கம், நோய், வேலை நேரப் பிரிவு, ஆட்குறைப்பு என்ற சொற்கள் வருகின்றன. நான் படித்த நூற்றுக்கணக்கான வெற்றிக் கதைகளில் எவரும் உறங்கியதாக நினைவில்லை.

2025இல் கர்நாடகம், செயலி வழியாக வேலை செய்யும் விநியோக ஊழியருக்கும் வண்டியோட்டிகளுக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. ஊழியருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கொடுப்பனவின் மீதும் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை கம்பனி நிதிக்குச் செலுத்தல் வேண்டும். அந்நிதி எவர் கைக்கு எப்போது சேர்கின்றது என்பதை, மழையில் நனைந்து சோற்றுப் பொதி கொண்டு செல்பவனிடமே கேட்டு மாதந்தோறும் எழுதும் செய்தியாளனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றேன். வாசகர் எவரேனும் கண்டிருப்பின் எழுதித் தெரிவிப்பாராக.