முடிஞ்சதுன்னு யார் சொல்றது?

2020 ஸ்க்ரம் கையேட்டின்படி, நிறுவனத்துக்கெனத் தரம் ஏதும் இல்லையென்றால், வேலை எப்போது ‘முடிந்தது’ என்பதைக் குழுவே வகுத்துக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேலையின் மிச்சத்தைச் சுமக்கிறவங்களையும் கேட்கணும்னு அது சொல்வதில்லை. என் குறை இதுதான்.

ஆற்காடு, ஆம்பூர் பக்கத்து டேனரிகளைப் பாருங்க. நிறம், தடிமன், மென்மை சரியென்றால் சரக்கு ரெடி. விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்ட தரம் அது. பாலாற்றில் கலந்த கழிவுநீர் அந்தக் கணக்கிலேயே வரலை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு போட்டது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், நவம்பர் 30க்குள் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாத ஆலைகளை மூடச் சொன்னது; கெடுத்தவரே ஈடுகட்டணும் என்றது. ‘முடிந்தது’ என்பதன் அர்த்தத்தை வெளியே இருந்தவங்கதான் மாத்தினாங்க.

டெஸ்ட் பாஸ், கோடு சேர்த்தாச்சு என்பதோடு நம்ம பட்டியல் நிக்குது. நடுராத்திரி எழுந்து சர்வரைப் பார்க்கிறவரையும் கூப்பிட்டு எழுதுங்க.