புதுமைப்பித்தன் எந்தத் தட்டில்? நூலகப் பயிற்சியில் விடுபட்ட ஒரு பாடம்

நூலக உதவியாளர் வேலைக்குத் தயார் செய்யும் சான்றிதழ், பட்டயம், பி.லிப். படிப்புகளின் பாடங்களைக் கொஞ்ச நாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். (இக்னோவின் பாடநூல்கள் இகியான்கோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.) ரங்கநாதனின் ஐந்து விதிகள், கோலன் பகுப்பு, டூயி பகுப்பு, பட்டியலாக்கம், கடைசியில் கொஞ்சம் கணினி. மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. செய்முறைத் தேர்வைப் பார்த்தபோதுதான் உறுத்தியது.

ஒரு நூலின் தலைப்புப் பக்க விவரத்தைக் கொடுத்து, ஆங்கிலோ-அமெரிக்க விதிகளின்படியோ ரங்கநாதனின் விதிகளின்படியோ அட்டை வடிவில் பதிவு எழுதச் சொல்வதுதான் வழக்கம். அந்த அட்டைகளை அச்சடித்து நூலகங்களுக்கு அனுப்பிவந்த அமெரிக்காவின் ஓசிஎல்சி, 2015 அக்டோபரில் கடைசி அட்டையை அச்சிட்டு நிறுத்திவிட்டது. அட்டை பழசு என்பது என் புகார் இல்லை. ஒரு புத்தகம், ஒரு பதிவு, ஒரு சரியான விடை என்று பழக்குகிறார்களே, அதுதான் புகார். வேலையில் அந்தப் பதிவு தனியாக நிற்காது. ஏற்கெனவே யார் யாரோ எழுதிவைத்த ஆயிரக்கணக்கான பதிவுகளுக்கு நடுவில் போய் உட்காரணும்.

ஒரு உதாரணம். 'புதுமைப்பித்தன்' என்று ஒருவர் பதிகிறார். அடுத்து வந்தவர் 'புதுமைப் பித்தன்' என்று இடைவெளி விட்டுப் பதிகிறார். இன்னொருவர் 'விருத்தாசலம், சொ.' என்கிறார். மூன்றுமே ஒரே மனிதர்தான். தேர்வில் தனித்தனியாக எழுதினால் மூன்றுக்குமே மதிப்பெண் கிடைக்கலாம். கணினிக்கு அவை மூன்று பேர். யாராவது உட்கார்ந்து, 'இந்தப் பெயர்தான் தலைப்பு, மற்றவையெல்லாம் இங்கே திருப்பிவிடு' என்று இணைத்து வைத்தால்தான் ஒருவர். பெயர் அத்தாரிட்டி கோப்பு என்பது இதுதான். மார்க் 21 வடிவத்தில் இதற்கென்றே இடம் இருக்கிறது, கோஹாவிலும் இருக்கிறது. பாடத்தில் ஒரு பத்தியாகவும் வருகிறது. ஆனால் பழக்கமாக வருவதில்லை.

இன்னும் கீழே இறங்கினால் வேடிக்கை அதிகம். 'சொ' என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், 'ெ', 'ா' என்று இரண்டாக உடைத்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மென்பொருள் அவற்றைச் சமப்படுத்தாவிட்டால் தேடல் தோற்றுப்போகும். 'கௌ' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'ெ'க்குப் பக்கத்தில் 'ள' போட்டு ஒப்பேற்றும் பழக்கம் வேறு! ஆங்கில எழுத்தில் தேடலாம்னு போனால், அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் தகரம் எல்லா இடத்திலும் 'டி'தான். நாம் 'டி', 'டிஎச்', 'டிடிஎச்' என்று காதில் விழுகிறபடி அடிப்போம்.

அப்புறம் குடும்பப் பெயர். மார்க்கில் ஆசிரியர் பெயருக்கான புலம் 100. அதன் முதல் குறியீடு, பெயர் இயற்பெயரில் தொடங்கினால் 0, குடும்பப் பெயரில் தொடங்கினால் 1. ரா. கிருஷ்ணமூர்த்திக்கு எது? 'ரா.' அப்பா பெயரின் முதலெழுத்து, 'கிருஷ்ணமூர்த்தி' குடும்பப் பெயர் இல்லை. பேனா பெயர் கல்கி. இந்தக் கேள்வி தமிழ் நூலகத்தில் வேலை செய்பவருக்கு நாள்தோறும் வரும்.

பெயர்தானே, என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். டூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811, புனைகதை 894.8113. நாவல் அலமாரியில் கிட்டத்தட்ட எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே எண். அந்தத் தட்டில் எது எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது ஆசிரியர் பெயர்தான். பெயர் பிசகினால் திரையிலும் தேட முடியாது, தட்டிலும் தேட முடியாது. 'இல்லை சார்' என்ற பதிலோடு வாசகர் திரும்புவார். யாரும் எடுக்காத புத்தகம் என்று கணக்கில் ஏறும். கழிவுப் பட்டியல் போடும் நாளில் அந்தக் கணக்கைத்தான் பார்ப்பார்கள்.

ரங்கநாதன் இதையெல்லாம் யோசிக்காதவர் இல்லை. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது அவர் கணித ஆசிரியர். லண்டனுக்குப் போய்ப் படித்தவர், வகுப்போடு நிற்காமல் அங்கிருந்த நூலகங்களைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்தார். சென்னை நூலகச் சங்கத்தின் பயிற்சி வகுப்பு 1929-ல் தொடங்கியது. 1934-ல் வந்த அவருடைய பட்டியல் விதிநூல் இந்தியப் பெயர்களை எப்படிப் பதிவது என்று மல்லுக்கட்டியது. மேற்கத்திய விதி நம் பெயருக்குப் பொருந்தாது என்று கண்டு, புது விதி எழுதினார். இன்றைய மாணவர் அந்த விதியை மனப்பாடம் செய்கிறார். அது ஏன் தேவைப்பட்டது என்ற தலைவலி அவருக்குப் போய்ச் சேருவதில்லை.

'வேலைக்குப் போனால் தானே கத்துக்குவாங்க' என்பது வழக்கமான சமாதானம். பெரிய பல்கலைக்கழக நூலகத்தில் சரி, பக்கத்து மேசையில் மூத்தவர் ஒருவர் இருப்பார். ஊர்ப்புற நூலகத்தில் பெரும்பாலும் ஒரே ஆள். கதவைத் திறப்பதும் அவர், நாளிதழை மாட்டுவதும் அவர், பதிவு செய்வதும் அவரேதான். அவர் யாரைப் பார்த்துக் கற்பது?

செய்முறைத் தேர்வை மாற்றப் பெரிய செலவு ஆகாது. கோஹா இலவசம். ஏதாவது ஒரு கிளை நூலகத்தின் குழம்பிய பதிவுகளில் ஒரு இருநூறை அப்படியே எடுத்து, ஆளுக்கொரு கணினியில் போட்டு, மூன்று மணி நேரம் கொடுக்கலாம். கி.ரா., கி. ராஜநாராயணன், ராஜ நாராயணன் கி. மூவரையும் ஒருவராக்கு. சுஜாதா என்ற பெயரில் இருப்பவர்களில் எஸ். ரங்கராஜன் யார், மற்றவர்கள் யார் என்று பிரி. பிரித்ததற்குக் காரணம் எழுது. மதிப்பெண்ணில் பாதி அந்தக் காரணத்துக்கு.