சுண்டெலியைக் காப்பது எளிது

முதல் வகை நீரிழிவு வராமல் தடுக்க முடியுமா? சுண்டெலியில் முடியும், அதுவும் நூற்றுக்கும் மேற்பட்ட வழிகளில். மனிதரிடம் அந்நோயைத் தள்ளிப்போட அமெரிக்காவில் ஒரு மருந்துக்கு முதன்முதலாக அனுமதி கிடைத்ததே 2022 நவம்பரில்தான். இத்தனை பெரிய இடைவெளிக்கு எலியைக் குறை சொல்கிறார்கள். அதில் மருந்துகளைச் சோதித்த விதத்தில்தான் கோளாறு அதிகம்.

ஜப்பானின் ஷியோனோகி ஆய்வகத்தில் உருவாகி, 1980இல் உலகறிந்த என்.ஓ.டி. சுண்டெலிக்கு யாரும் நஞ்சு ஊசி போட்டு நோயை வரவழைப்பதில்லை. அதன் நோயெதிர்ப்பு அணுக்களே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழிக்கின்றன. பிறந்த மூன்று நான்கு வாரங்களில் அந்த அணுக்கள், பீட்டா செல்கள் இருக்கும் கணையத் திட்டுகளைச் சூழத் தொடங்குகின்றன. சர்க்கரை ஏறுவது பெரும்பாலும் பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகு. ஒரு குழந்தையின் கணையத்தை வாரந்தோறும் வெட்டிப் பார்க்க முடியாது. நோய் மறைந்து வளரும் காலத்தைக் கண்முன் காட்டியது இந்த எலிதான். அந்தக் கடனை மறுக்க முடியாது.

குறைகளும் சிறியவை அல்ல. உட்கலப்பால் பெருக்கப்பட்ட இந்த எலிகள் மரபணுவில் ஒன்றுக்கொன்று நகல்கள். அவற்றில் நூறு எலிகளைக் குணமாக்குவது ஏறக்குறைய ஒரே நோயாளியை நூறு முறை குணமாக்குவதுதான். பெண் எலிகளுக்கே நோய் மிகுதி. மனிதரிடம் அப்படி இல்லை. கூண்டு சுத்தமாக இருந்தால் நோய் கூடுகிறது, கிருமித் தொற்று வந்தால் குறைகிறது. நோயெதிர்ப்பைச் சற்றுத் தூண்டினாலே தப்பிவிடும் விலங்கில் ஒரு மருந்து வென்றது என்றால், அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது?

இவற்றைவிடப் பெரிய பிழை காலத்தில் இருக்கிறது. பல சோதனைகளில் தாய்ப்பால் மறக்கும் பருவத்திலேயே, தாக்குதல் முற்றுமுன்பே, எலிக்கு மருந்து தொடங்கிவிடுகிறது. மனிதரிடமோ, பெரும்பாலும் எதிர்ப்புரதங்கள் இரத்தத்தில் தென்பட்ட பிறகுதான் ஆபத்தே தெரியவருகிறது. எலியைக் காத்த நிக்கோட்டினமைடு என்ற வைட்டமினை நம்பி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 552 பேரிடம் நடத்திய சோதனை 2004இல் பலனின்றி முடிந்தது. குறைந்த அளவு இன்சுலினை முன்கூட்டியே ஊசியாகப் போட்ட அமெரிக்க ஆய்வும் 2002இல் தோற்றது. அந்தக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் ஊசியையும் இரத்தப் பரிசோதனையையும் தாங்கியவை. எளிய சோதனையில் கிடைத்த வெற்றிக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள்.

பாரிஸில் லூசியன் ஷாத்தனூவின் குழு வேறு வழியில் போனது. ஏற்கெனவே சர்க்கரை ஏறிவிட்ட எலிகளுக்கு நோயெதிர்ப்பு அணுக்களின் சிடி3 புரதத்தைக் குறிவைக்கும் மருந்தைக் கொடுத்து, நோய் பின்வாங்கியதை 1994இல் காட்டியது. அதே வகையைச் சேர்ந்த, 2022இல் அனுமதி பெற்ற டெப்ளிசுமாப், நோய் வரும் ஆபத்துள்ள 76 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நோய் தோன்றும் இடைநிலைக் காலத்தை 24.4 மாதத்திலிருந்து 48.4 மாதமாக நீட்டியது. இதையும் முழு வெற்றி என்று கொண்டாட முடியாது. புதிதாக நோய் கண்டவர்களிடம் நடந்த பெரிய சோதனை ஒன்றில் இதே மருந்து முதன்மை இலக்கை எட்டவில்லை. ஆனாலும், இளங்குட்டிகளில் எளிதாக வென்ற பலவும் உதிர்ந்துபோக, கடினமான கட்டத்தில் சோதிக்கப்பட்ட வழியே மனிதர்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஆகவே ஆய்வகங்களிடம் கேட்க வேண்டியது தெளிவு: மருந்தைத் தாமதமாகத் தொடங்குங்கள், ஆண் எலிகளையும் சேருங்கள், வேறொரு ஆய்வகத்திலும் அதே முடிவு வருகிறதா என்று பாருங்கள், உறுப்புக் கொடையாளர்களின் கணையத்தில் தெரிவதோடு ஒப்பிடுங்கள். இவற்றைத் தாண்டாத எந்த மருந்தும் ஒரு குழந்தையின் கைக்கு ஊசியாகப் போகக் கூடாது.