வாங்குகிறவர்களின் சாஸ்திரம்

ஒயினைப் பற்றிய நல்ல நூல்களில் பெரும்பகுதி, திராட்சைக்குப் பேர்போகாத இங்கிலாந்தில் எழுதப்பட்டவை. பர்கண்டியில் தோட்டம் வைத்திருப்பவருக்குத் தம் சரிவும் பக்கத்துச் சரிவும் தெரிந்தால் போதும், புத்தகம் எதற்கு? லண்டன் வியாபாரி அப்படி இருக்க முடியாது. எல்லா ஊர்ச் சரக்கையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தாக வேண்டும். 1152இல் அக்விடேன் நாட்டு எலினோர், பின்னாளில் இங்கிலாந்தின் அரசரான இரண்டாம் ஹென்றியை மணந்தார். அதன்பின் 1453 வரை, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள், எலினோரின் நாட்டிலிருந்த போர்தோ ஆங்கிலேய முடியோடு கட்டுண்டிருந்தது. அங்கிருந்து ஒயின் ஏற்றிவந்த கப்பல்களின் கணக்கு வழிவந்ததுதான் ஆங்கில ஒயின் இலக்கியம். விளைவிக்கிறவனுடைய சாஸ்திரமல்ல, வாங்குகிறவனுடைய சாஸ்திரம். முதல் புத்தகம் தேடுகிறவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டு தேடுவது நல்லது.

அலமாரியில் மூத்தவர் ஜார்ஜ் செயிண்ட்ஸ்பரி. எடின்பரோவில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராக இருந்தவர். தம் நிலவறையில் வாங்கி அடுக்கிய பாட்டில்களுக்கு வைத்திருந்த குறிப்பேட்டை விரித்து, 1920இல் ‘நோட்ஸ் ஆன் எ செல்லர்-புக்’ என்ற நூலாக்கினார். அருமையான நூல், ஆனால் புதியவர் கையில் கொடுக்கக் கூடாதது. ஏற்கெனவே குடித்துப் பழகியவர்களின் திண்ணைப் பேச்சு அது. இந்த நினைவோடைப் பள்ளியில் பின்னாளில் வந்தவர் கெர்மிட் லிஞ்ச் என்ற பெர்க்லி வியாபாரி. பிரான்சில் நிலவறை நிலவறையாக ஏறி இறங்கிய கதையை 1988இல் எழுதினார். இரண்டாவது புத்தகமாகப் படிக்க அதைவிடச் சுவையானது எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது வரைபடப் பள்ளி. 1971இல் ஹியூ ஜான்சன் ‘தி வேர்ல்ட் அட்லஸ் ஆஃப் ஒயின்’ நூலைக் கொண்டுவந்தார். ஒயினுக்கு வரைபடம் எதற்கு என்று கேட்பவர், ஷாப்ளி பாட்டில் ஒன்றை எடுத்துப் பார்க்கட்டும். உள்ளே இருப்பது ஷார்டொனே திராட்சை. மேலே இருப்பது ஊர்ப் பெயர். சான்செர் என்ற வெள்ளை ஒயின் சோவின்யோன் பிளாங்க் திராட்சையால் ஆனது. அதையும் ஊரின் பெயரை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். கலிஃபோர்னியாக்காரர் திராட்சையின் பெயரைப் போட்டு விற்கிறார். பழைய ஐரோப்பா முகவரியை மட்டும் தருகிறது. பர்கண்டியின் கிழக்கு நோக்கிய சரிவுகளை உயரக்கோடுகளோடு பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். பெரிய விலைக்குப் போகும் தோட்டங்கள் நடுச்சரிவில் இருக்கின்றன. கீழே ஈரம் அதிகம், மேலே மண் மெலிவு. விலைப்பட்டியலுக்குள் நிலவியல் இருப்பதை ஒரு பக்க வரைபடம் காட்டிவிடுகிறது. 2001இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து ஒயின் எழுத்தாளர் ஜான்சிஸ் ராபின்சனும் இதில் சேர்ந்தார்.

என் கட்சி நாக்குப் பள்ளி. கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் மைக்கேல் பிராட்பென்ட் 1968இல் ஒயின் சுவைத்தல் பற்றி ஒரு கைநூல் எழுதினார். போர்தோ பல்கலைக்கழகத்தின் எமில் பெய்னோ 1980இல் பிரெஞ்சில் எழுதிய சுவை நூல் பின்னர் ஆங்கிலத்திலும் வந்தது. ஆனால் கதவை அகலத் திறந்துவிட்டவர் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்து ஆன் நோபிள். 1984இல் அவர் வெளியிட்ட மணச் சக்கரத்தில் ‘நேர்த்தி’, ‘கம்பீரம்’ போன்ற சொற்களுக்கு இடமில்லை. உள்வட்டத்தில் பழம் என்றால் நடுவட்டத்தில் எந்த வகைப் பழம், வெளிவட்டத்தில் இன்ன பழம். கற்கும் வழியும் சமையலறை வழிதான்: சாதாரண ஒயினில் குடமிளகாய்த் துண்டு ஒன்றைப் போட்டு முகர்ந்து பாருங்கள், கேபர்னே சோவின்யோனில் சிலசமயம் எழும் பச்சை வாசனை பிடிபட்டுவிடும்.

இந்தப் பள்ளியில் தமிழருக்கு ஒரு வகுப்பு குறைவு. டேனின் என்றால் என்ன என்று புரியவைக்க ஆங்கில நூல்கள் ஆறிப்போன கடுந்தேநீரை உதாரணம் காட்டி வளைய வருகின்றன. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணி வளர்ந்தவருக்கு நாவற்பழம் போதும். புளிப்பு வாயூற வைக்கும், துவர்ப்பு வாயை வற்ற வைக்கும். சிவப்பு ஒயினின் பாதிப் பாடம் இதில் முடிகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் நம் பக்கம்தான். அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. ரோஜாவில் இருக்கும் மணப்பொருள்கள் சில மஸ்கட் குடும்பத்திலும் உண்டு என்று வேதியியல் சொல்கிறது. அதற்குப் பன்னீர் என்று பெயர் வைத்தவர் எந்தச் சக்கரத்தையும் பார்த்தவரல்லர்.

பள்ளிக்கூடமாகவே நடந்த நூலும் ஒன்று உண்டு. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் உச்சியில் இருந்த ‘விண்டோஸ் ஆன் தி வேர்ல்ட்’ உணவகத்தில் கெவின் ஸ்ரேலி நடத்திய வகுப்புகள் 1985இல் புத்தகமாயின. 2001இல் கோபுரம் வீழ்ந்தபின் வகுப்பு வேறிடத்தில் தொடர்ந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் இன்னின்ன ஒயின்களை இந்த வரிசையில் அருந்துங்கள் என்று கட்டளையிடும் நூல். ஆசிரியர் பெயரிலேயே சரளி வரிசை ஒலிப்பது தற்செயல்தான், பொருத்தமான தற்செயல். தனியாக உட்கார்ந்து படிப்பவருக்கு இது அலுக்கும். நாலு பேர் பணம் போட்டு வாங்கிச் சுவைக்கும் கூட்டத்துக்கு இதற்கு ஈடில்லை.

மதிப்பெண் பள்ளியை நான் சிபாரிசு செய்வதில்லை. அதன் தாத்தா 1855ஆம் ஆண்டின் போர்தோ தரவரிசை. பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள் விலையை வைத்து வகுத்தது. பேரன் ராபர்ட் பார்க்கர், 1978இல் தொடங்கிய இதழில் நூற்றுக்கு இத்தனை என்று போட்டவர். 92க்கும் 94க்கும் நடுவே என்ன சுவை இருக்கிறது என்று புதியவருக்கு எந்த எண்ணும் சொல்லாது. ராபின்சன் பதிப்பித்து 1994இல் வந்த ஆக்ஸ்ஃபோர்ட் ஒயின் துணைநூல் பெரும்பணி; ஆனால் அகராதியைப் படித்து மொழி கற்றவர் யார்? அவரே எழுதிய ‘தி 24-ஹவர் ஒயின் எக்ஸ்பர்ட்’ மெல்லிய நூல். ஒரே ஒரு புத்தகம் வாங்கக் காசிருப்பவருக்கு என் ஓட்டு அதற்கே. 2015இல் வந்த ‘ஒயின் ஃபாலி’ படங்களால் திராட்சைகளை நன்றாகக் காட்டுகிறது, ஊர்களை அவசரமாகக் கடக்கிறது.

பழைய புத்தகக் கடையில் வாங்குகிறவர் நூலின் வயதை அறியச் சிலி நாட்டுப் பக்கத்தைப் புரட்ட வேண்டும். அங்கே மெர்லோ என்று விற்கப்பட்டதில் பெரும்பங்கு கார்மெனேர் என்ற வேறு திராட்சை என்பது 1994இல்தான் தெரியவந்தது. அந்தப் பெயரே இல்லையென்றால் நூல் அதற்கு முந்தையதாக இருக்கலாம். இத்தாலியப் பக்கத்தில் ப்ரொசெக்கோ என்பதைத் திராட்சையின் பெயராகச் சொன்னால் அது 2009க்கு முந்தைய நூல். அந்த ஆண்டு திராட்சைக்கு கிளேரா என்ற பெயர் அதிகாரபூர்வமாயிற்று. பெய்னோவுக்கு இந்தச் சோதனை வேண்டாம். அவர் எழுதியது வாயைப் பற்றி. அட்டை கிழிந்திருந்தாலும் பேரம் பேசி வாங்கிவிடலாம்.