திணைக் கோட்பாடும் சூழலியலும்: இடுக்கி மலைநிலத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

சங்க இலக்கியத்தைச் சூழலியல் நோக்கில் அணுகும் ஆய்வுகள் தமிழில் பெருகியுள்ளன. திணை என்பதே சூழல்தொகுதி, தொல்காப்பியரே முதல் சூழலியலாளர் என்னும் முடிவை இவற்றுட் பல எட்டுகின்றன. இம்முடிவு எந்த அளவிற்குப் பொருந்தும், எவ்விடத்தில் பொருந்தாது போகிறது என்பதைக் கேரளத்தின் இடுக்கி மலைநிலத்தைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்த செடி இன்றும் பூக்கும் நிலம் என்பதால் இப்பகுதி தேர்ந்துகொள்ளப்பட்டது.

ஒப்புமையும் வேற்றுமையும்

உயிரினங்கள் தம் சூழலோடு கொள்ளும் உறவை ஆராயும் துறைக்கு 1866இல் செருமானிய அறிஞர் எர்னஸ்ட் ஹெக்கல் பெயரிட்டார். உயிருள்ளனவும் உயிரற்றனவும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் முழுமையைச் சூழல்தொகுதி என 1935இல் ஆங்கிலேய அறிஞர் ஆர்தர் டான்ஸ்லி குறித்தார். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. உணவு, விலங்கு, மரம், புள் முதலியவற்றைக் கருப்பொருள் என்கிறது. உயிரற்ற காரணிகள், உயிர்க்காரணிகள் என்னும் பகுப்போடு இது ஒத்திருப்பது வெளிப்படை.

எனினும் தெய்வமும் பறையும் யாழும் செய்தியும் அக்கருப்பொருள் வரிசையிலேயே இடம்பெறுகின்றன. உரிப்பொருளோ முற்றிலும் மாந்தர் மனம் சார்ந்தது. மறுபுறம், சூழலியல் முதன்மையாகக் கருதும் ஆற்றல் ஓட்டம், இறந்தவை மட்கி மீண்டும் மண்ணுக்குச் சத்தாதல் ஆகியவற்றுக்குத் திணை இலக்கணத்தில் இடமில்லை. திணை கவிதைக்கான இலக்கணம். சூழல்தொகுதி இயற்கையின் இயக்கத்தை விளக்கும் கருத்து. இரண்டும் ஒன்றையொன்று விளக்கலாம், ஒன்று மற்றொன்றாகிவிடாது.

பட்டியலும் உறவும்

சூழலியல் ஆய்வு எனும் பெயரில் வெளிவரும் கட்டுரைகள் பலவும் பாடல்களில் வரும் மரம், விலங்கு, பறவைகளைத் தொகுத்து எண்ணிக்கை தருவதோடு நின்றுவிடுகின்றன. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசை இதற்குப் பெரிதும் பயன்பட்டுள்ளது. ஆனால் பெயர்களின் தொகுப்பு சூழலியலாகாது; உயிர்களுக்கு இடையிலான உறவே சூழலியல். குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் தேவகுலத்தார் காட்டும் மலைநாடு, குறிஞ்சி மலரிலிருந்து தேன் திரட்டப்படும் நாடு. பூவுக்கும் தேனீக்கும் உள்ள உறவு அங்குக் காதலின் ஆழத்தைச் சொல்லும் கருவியாகிறது.

இவ்வுறவை இன்றும் காணலாம். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து, விதை தந்தபின் மடியும் செடி. இரவிகுளம் தேசியப் பூங்காவிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் அது பெருமளவில் பூத்தது. விதை உண்ணும் உயிர்கள் தின்று தீர்க்க இயலாத அளவிற்கு ஒரே காலத்தில் விதைகளைத் தருவது தன் இனத்தைக் காக்கும் வழி என்பது இதற்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று. முதற்பொருளாகிய பொழுது, கருப்பொருளாகிய பூவின் வாழ்விலேயே பொதிந்திருப்பதை இங்குக் காண முடிகிறது.

வந்த நிலத்தின் பொருள்

ஒரு நிலத்திற்குரிய பூவும் புள்ளும் வேறொரு நிலத்தில் வந்தால், அவை வந்த நிலத்தின் பொருளாகவே கொள்ளப்படும் என்பது அகத்திணையியல் தரும் விதி. திணையைச் சூழல்தொகுதியாகவே கொள்வோர் இவ்விதியை எதிர்கொண்டாக வேண்டும். ஏனெனில் புதிதாக வந்த உயிரைச் சூழலியல் அவ்வாறு எளிதில் ஏற்பதில்லை.

கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாடல் குறிஞ்சித் திணையது. நீர்நிலப் பறவையாகிய குருகு அங்கு ஓடுநீரில் ஆரல் மீனை நோக்கி நிற்கிறது. இரை தேடிப் பறவை இடம்பெயர்வது இயற்கை. அவ்விடத்தில் இலக்கண விதியும் இயற்கையும் முரண்படவில்லை. ஆனால் இடுக்கியின் வட்டவடை, கொட்டக்கொம்பூர்ப் பகுதிகளில் நிற்கும் தைல மரமும் சீகை மரமும் இவ்வாறு தாமே வந்தவை அல்ல. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டு, மனிதரால் நடப்பட்டவை. உயர்மலையில் சோலைக்காடு மலைமடிப்புகளிலும் புல்வெளி சரிவுகளிலும் அமையும். அப்புல்வெளியே நீலக்குறிஞ்சிக்கும் வரையாட்டுக்கும் வாழிடம். அங்கு அயல்மரம் அடர்ந்தால் வெயில் விரும்பும் புல்லும் குறிஞ்சியும் இடமிழக்கின்றன. நீலக்குறிஞ்சியைக் காக்க 2006இல் இப்பகுதியில் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதன் தேவை இதிலிருந்து விளங்கும். தைல மரம் வந்த நிலத்தின் பொருளே என இலக்கண விதியைச் சூழலியல் விதியாக்கினால் குறிஞ்சி நிலத்தில் குறிஞ்சிக்கே இடமில்லாது போகும்.

மனிதரால் வளர்க்கப்படுபவை அனைத்தும் ஒரு தன்மையன என்பதும் பொருந்தாது. ஆனைக்கரை என்னும் பெயரில் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் ஊர்கள் உள்ளன. இடுக்கி ஆனைக்கரை ஏலமலைப் பகுதியைச் சார்ந்தது. ஏலம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டின் கீழடுக்குச் செடி. மர நிழலும் ஈரமும் வேண்டுவது. காய் பிடிக்கத் தேனீக்களை நம்பியிருப்பது. நிழல்மரங்களை வெட்டினாலும், தேனீக்களைக் கொல்லும் நச்சு மருந்தை மிகுத்தாலும் விளைச்சலே குன்றும். ஆகவே எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடு, வந்தபின் அங்குள்ள உறவுகளை என்ன செய்கிறது என்ற கேள்வியும் எழுப்பப்பட வேண்டும்.

மாந்தரும் நிலமும்

1877இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன்தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ பெற்றபின், அம்மலைகள் படிப்படியாகத் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து சென்றோர் தலைமுறைகளாக அங்கு வாழ்கின்றனர். அயல் உயிரினம் என்னும் அறிவியற்சொல்லை இம்மக்கள்மேல் ஏற்றுவது அறிவியலும் ஆகாது; அறமும் ஆகாது. செடிக்குப் பொருந்தாத தொல்காப்பிய விதி, உழைப்பால் நிலத்தோடு உறவு கொண்ட மாந்தர்க்குப் பொருந்துகிறது. செய்தியையும் பறையையும் கருப்பொருளில் சேர்த்த மரபின் வலிமை இதுவே. மனிதரை இயற்கைக்குப் புறம்பாக நிறுத்தும் காட்டுப் பாதுகாப்புச் சிந்தனைக்குத் திணை வழங்கும் திருத்தமாகவும் இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பதைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை உணர்த்துகிறது. நிலம் மாறக்கூடியது, வளம் இழக்கக்கூடியது என்னும் இவ்வுணர்வே தமிழ் மரபு சூழலியலுக்குத் தரும் சிறந்த பங்களிப்பு எனலாம். இரண்டையும் ஒன்றெனக் கூறுவது மரபுக்குப் பெருமை சேர்ப்பதுபோல் தோன்றினும், இலக்கணத்தின் தனித்தன்மையையும் அறிவியலின் கேள்விகளையும் ஒருங்கே மறைத்துவிடுகிறது. பட்டியலிலிருந்து உறவுக்கும், பெருமிதத்திலிருந்து மதிப்பீட்டுக்கும் நகர்வதே திணைசார் சூழலியல் திறனாய்வு மேற்கொள்ள வேண்டிய அடுத்த பணியாகும்.